இட்டலித் தட்டில் ஐந்து விரல்

நேற்று ஒக்லண்டின் தெற்கே விரி என்ற இடத்துக்குப் போயிருந்தேன். கால் கழன்ற கதிரை ஒன்றை ஒட்டக் கொடுத்திருந்தேன். அதை எடுத்து வரத்தான். கொட்டகைக்குள் அந்த மனிதர் இரண்டு குழாய்களிலிருந்து பசையைப் பிதுக்கி, ஒரு தகரத் துண்டின் மேல் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கோடு பழைய மீன் சேர்ந்தது போன்ற மணம். உனக்குத் தெரியும். நீ இருந்தவரை எங்கள் கராஜ் முழுக்க அந்த மணம்தான்.

"யூ ஆல்ரைட், மேட்?" என்றார் அவர். "ஓம்" என்றேன், தமிழில். மாசி என்ற எங்கள் பகுதிக்குத் திரும்பும் வழியில், மோட்டர்வேயில் பாதித் தூரம் வந்த பிறகுதான் கதிரையை எடுக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது.

உன்னைப் பற்றிய செய்தியை நான்தான் எழுதினேன். பெயர், வயது, பட்டங்கள், இறந்த இடம், காரணம். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு திருத்தமும் வரவில்லை. ஆனால் எழுதியவன் அதை இன்னும் நம்பவில்லை. குளிர்காலம் கூட இன்னும் முடியவில்லை. உன் ஜக்கெட் இன்னும் எங்கள் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. செய்தி ஊருக்குப் போய்விட்டது. உனக்குச் சேரவேண்டியது ஒன்று மட்டும் என் கையில் நின்றுவிட்டது. நீ கேட்ட கேள்விக்கு வந்த பதில். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது கணினித் திரையில். ஹொலண்டில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பனிச்சறுக்கு ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றிருக்கிறது என்று யாரோ ஒக்லண்டில் எங்கள் தமிழ் வானொலிக்கு அழைத்துச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட். தெரிந்த பனி குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது. இருந்தாலும் உன் அடுத்த ஓட்டத்தைப் பார்த்து நம் பத்திரிகைக்கு எழுதினேன். அது நான்கு பேர் அணியாக ஓடும் ரிலே. எழுதிய வாரமே ஒரு அழைப்பு வந்தது.

"அங்கிள், நீங்கள்தானே ஒக்லண்டிலை இருந்து என்னைப் பற்றி எழுதினது? அம்மா வாசிச்சுக் காட்டினவ. 'சக வீராங்கனையை முதுகில் பிடித்துத் தள்ளினார், ஆனாலும் நடுவர்கள் மன்னித்தார்கள்' எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம், நான் பாத்தனான். நீர் தள்ளினது வடிவாத் தெரிஞ்சுது."

நீ சிரித்த சிரிப்பில் என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ அங்கிள்! தள்ளினது பிழையில்லை. தள்ளாட்டித்தான் பிழை. அதுதான் ரிலே!"

பிறகு பொறுமையாக விளக்கினாய். இந்த ரிலேயில் தடி கைமாறுவதில்லை. முன்னால் ஒருத்தி குந்தியபடி வழுக்கிக்கொண்டிருப்பாள். பின்னால் வேகமாக வருபவள் அவளுடைய இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவாள். தன்னிடமிருந்த வேகம் முழுவதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவாள். உன் அணியில் நீ தள்ளுகிறவள். அனெக்கே, உனக்கு அடுத்து ஓடுகிறவள், உன்னால் தள்ளப்படுகிறவள். கடைசிச் சுற்றுகளை முடித்து எல்லைக்கோட்டைத் தாண்டுவது எப்போதும் அவள். படத்தில் கை தூக்குவதும் அவள். "எனக்கு அது காணும் அங்கிள்," என்றாய். "அவ கையைத் தூக்கேக்கை என்ர கையும் அதிலை இருக்கு."

அன்றிலிருந்து உன் ஓட்டங்கள் எல்லாவற்றையும் எழுதினேன். சந்தேகம் வந்தால் கேட்டேன். நீ கிண்டலோடு பதில் சொன்னாய். உன் அப்பா அகதியாக வந்து ஒரு ஐஸ் அரங்கில் துப்புரவு வேலை பார்த்ததையும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் உன்னையும் கூட்டிக்கொண்டு போனதையும் அப்படித்தான் அறிந்தேன். ஹொலண்டில் எல்லோருக்கும் பிடித்தது நீண்ட தடத்தில் நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம். நீ ஓடிய இந்தக் குறுந்தடத்தை அப்போது சர்க்கஸ் என்று சிரித்தார்கள். நீ ஏன் இதற்கு வந்தாய் என்று கேட்டேன். "மணிக்கூட்டோட ஓட எனக்கு விருப்பமில்லை. ஆக்களோட ஓடவேணும். உரசவேணும், முந்தவேணும், விழுந்தாலும் ஆரோடையாவது சேந்து விழவேணும்."

அந்தக் கடைசி இறுதிப் போட்டியும் அப்படித்தான் முடிந்தது. உன் அணி முன்னால் இருந்தது. கடைசி மாற்றம். நீ வளைவிலிருந்து வெளியே வந்தாய், கையை நீட்டினாய், அனெக்கே போனாள், வளைவுக்குள் நுழையும் இடத்தில் விழுந்தாள். பனியில் முதுகால் சுழன்றுகொண்டே போய்த் தடுப்பில் மோதினாள். கால் முறிந்தது. பதக்கம் போய்விட்டது. மறுநாள் உன் நாட்டுப் பத்திரிகைகள் தள்ளல் கோணலாகிவிட்டது என்று எழுதின. உன் இடது கை சறுக்கியது என்று ஒரு முன்னாள் வீரர் தொலைக்காட்சியில் கோடு போட்டுக் காட்டினார். அனெக்கே ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு நீ போனபோது அவளைப் பார்க்க விடவில்லை. பிறகு அவளும் அழைக்கவில்லை. நீயும் அழைக்கவில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் இருவருமே ஓட்டத்தை விட்டீர்கள்.

சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒக்லண்டுக்கு வருகிறேன், வீடு பார்த்துத் தாருங்கள் என்று நீ கேட்டபோது, எங்கள் வீட்டின் பின்பக்க யூனிட் காலியாக இருந்தது. உலகப் பட்டம் வென்றவள் இரண்டு பைகளோடு வந்து இறங்கினாய். "இந்த ஊர் ஐஸ் ரிங்கைப் பாத்தனீங்களா அங்கிள்? எங்கட ஊரிலை உதைவிடப் பெரிசா ஃபிரிட்ஜ் இருக்கு" என்றாய். ஆனால் ஒரு சனிக்கிழமைப் பயிற்சியைக் கூட நீ தவறவிடவில்லை.

கராஜை நீ பிடித்துக்கொண்டாய். இடது கை உறையின் விரல் நுனிகளில் நீயே பசை ஊற்றி இறுக வைப்பாய். வளைவில் உடம்பு சாயும்போது அந்தக் கை பனியைத் தொட்டு வழுக்க வேண்டும். துணி என்றால் பிடித்து இழுத்துவிடும். எல்லா வீரர்களும் தங்கள் விரல்களைத் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்றாய். பசை உருண்டையாக இறுக ஒரு குழி வேண்டுமென்று தேடி, கடைசியில் என் மனைவியின் இட்டலித் தட்டைக் கண்டுபிடித்தாய்.

"ஏய்! என்ர இட்டலித் தட்டிலையோ பசை ஊத்துறாய்?"

"அன்ரி, அளவெண்டா அளவு! ஹொலண்டிலை இப்பிடி ஒண்டு இருந்திருந்தா நான் இன்னும் ரெண்டு பட்டம் வெண்டிருப்பன்."

"பட்டமோ? நாளைக்கு நீ என்னத்திலை சாப்பிடுவாய் எண்டு பாப்பம்."

அவள் கோபித்தது அரைநாள்தான். பிறகு அந்தத் தட்டு உன்னுடையதாகிவிட்டது.

ஒருநாள் என்னையும் ரிங்குக்கு இழுத்துக்கொண்டு போனாய். வாடகைச் சறுக்குச் சப்பாத்தில், ஓரத் தடுப்பைப் பிடித்தபடி, அறுபது தாண்டிய நிருபர் ஒருவர் கன்றுக்குட்டி போல் நின்றார். பின்னால் வந்து இடுப்புக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்தாய். "முழங்காலை மடியுங்கோ. என்னை நம்புங்கோ." தள்ளினாய். அடிபட்டது போல் இல்லை. யாரோ என்னைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தது போல் இருந்தது. நடு ரிங்கில் போய் நானே நின்றேன், விழாமல். திரும்பிப் பார்த்தால் நீ சிரிக்கவில்லை. "கோணலாப் போனீங்களா?" என்று கேட்டாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது தெரியும். ஆனால் கையும் முதுகும் சேரும் அந்தக் கணத்தில் குறுக்கே இன்னொரு நாட்டுக்காரியின் தலைக்கவசம் வந்து மறைக்கிறது. ஒரு கமராவிலும் அது இல்லை. "என்ர கையைக் கேட்டா, நேரா இருந்தது எண்டுதான் சொல்லுது. ஆனா அது என்ர கைதானே அங்கிள்? அது வேற என்ன சொல்லும்? தள்ளினவளுக்குத் தெரியாது. தள்ளுப்பட்டவளுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவவைக் கேளுமன்," என்றேன்.

"அவ கோணல் எண்டு சொன்னா?"

பல மாதங்கள் கழித்து நீயாகவே அனெக்கேயைக் கேட்டாய். ஒரே ஒரு வரி அனுப்பினாய்: என் கை நேராக இருந்ததா? மறுநாள் காலை கராஜுக்குள் ஓடி வந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாய். "இதைச் சொல்ல முடியாது, காட்டத்தான் வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன்," என்று அவள் எழுதியிருந்தாள்.

"வாறாவாம் அங்கிள்! வாறாவாம்!"

"நேரோ கோணலோ எண்டு சொல்லேல்லையே."

"கோணல் எண்டு சொல்ல ஆரும் உலகத்தைச் சுத்தி வருவினமோ?" என்றாய். பிறகு முகம் மாறியது. "வருவினமோ?"

அவள் வரும் நாளுக்கென்று புதுக் கை உறைக்கு விரல் நுனி ஊற்றினாய். நேரே ரிங்குக்குப் போவது, பிறகுதான் வீடு என்று இருவரும் பேசி வைத்திருந்தீர்கள். தட்டின் ஐந்து குழிகளில் ஐந்து விரலையும் நிறுத்தி, உறையை மேலே ஒரு கம்பியில் கட்டிவிட்டு, "அன்ரி, இதிலை ஆரும் கை வைக்கக்கூடாது, நாளைக்குத்தான் இறுகும்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அடுத்த நாள் காலை ரிங்கில், வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாயாம். தலை இடிக்குது என்றாயாம். பனியில் எத்தனையோ தடவை விழுந்து எழுந்தவள் ஒரு மர வாங்கிலிருந்து விழுந்தாய். மருத்துவமனைக்கு நாங்கள் போனபோது உன் ஒரு காலில் மட்டும் சப்பாத்து இருந்தது. மூளைக்குள் இரத்தக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். நான் வழக்கம்போல் கேள்விகளைக் கேட்டேன். எப்போது தொடங்கியிருக்கும், முன்பே அறிய வழி இருந்ததா, விழுந்த அடிகளால் வந்ததா. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அவ எப்ப வீட்டுக்கு வரலாம்?" என்றும் கேட்டிருக்கிறேன். என் மனைவிதான் பிறகு சொன்னாள். பின்னேரம் நீ போய்விட்டாய். உனக்கு முப்பத்திரண்டு வயது.

உன் அப்பா அம்மாவுக்குச் சொன்னோம். அவர்கள் புறப்பட ஆயத்தமானார்கள். அனெக்கே அதற்குள் வானத்தில் இருந்தாள். விமானம் ஏறும்போது, நீ இப்போது பனியில் நிற்பாய் என்றுதான் நினைத்திருப்பாள். சிங்கப்பூரில் இறங்கியதும் உன் போனுக்குச் செய்தி அனுப்பினாள்: கடைசி விமானம் ஏறப் போகிறேன், உன் கையுறை காய்ந்துவிட்டதா? போன் என் மனைவியின் கையில் அதிர்ந்தது. கொதிக்கும் சட்டியைத் தொட்டவள் போல் அதை மேசையில் போட்டாள்.

"சொல்லுவமே?" என்றேன்.

"வேண்டாம். அந்தப் பிள்ளை தனிய, ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு நடுவிலை இருந்து அழவேணுமே? இறங்கட்டும். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

செய்தியை முதலில் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அன்றைக்கு ஒரு முழு இரவும் ஒரு பகலும் செய்தியை வாய்க்குள் வைத்திருந்தேன். வானொலியிலிருந்து இரண்டு தடவை அழைத்தார்கள், எடுக்கவில்லை.

வருகைக் கதவு திறந்து திறந்து மூடியது. மற்றவர்களெல்லாம் வந்த பிறகு அவள் வந்தாள், நெடிய உருவம், தோளில் பெரிய பை. என்னைப் பார்த்து நேரே வந்தாள். உன் படங்களில் பார்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில், "நீங்கள்தானே இட்டலி அங்கிள்? மன்னிக்க வேண்டும், விமான நிலையத்து பயோசெக்யூரிட்டிச் சோதனையில் சப்பாத்தை வெளியே எடுத்துப் பிளேடில் மண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பனியில் ஓடுகிற சப்பாத்தில் மண்ணுக்கு எங்கே போவது?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மேலால் உன்னைத் தேடினாள்.

முக்கியமான விஷயம் முதல் வரியில் வரவேண்டும் என்பது எங்கள் தொழில். முதல் வரியிலேயே சொன்னேன். நீ இறந்துவிட்டாய் என்று.

"இல்லை," என்றாள் அவள், கணக்குப் பிழையைத் திருத்துகிறவள் போல. "என்னைக் கூட்டிப்போக அவள் வருகிறாள்." பிறகு போனை எடுத்து, நீ கடைசியாக அனுப்பிய வரியை எனக்குக் காட்டினாள். நான் அதை வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அந்தப் பெரிய பையை மெல்ல நிலத்தில் வைத்து, அதன் மேலேயே இருந்துவிட்டாள். ஆட்கள் எங்களைச் சுற்றி வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். யாரோ யாரையோ கட்டிப்பிடித்து மாலை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கராஜைக் காட்டச் சொன்னாள். உறை அப்படியே தொங்கியது. அதற்குள் ஐந்து விரலும் இறுகியிருந்தன. விரலால் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள், கண்ணாடியைத் தட்டுவது போல. பிறகு திரும்பி என் மனைவியிடம், "என் பின்னால் வந்து நில்லுங்கள்" என்றாள். என் மனைவி வீட்டுச் சட்டையோடு, கண் வீங்கியபடி, போய் நின்றாள். அனெக்கே சீமெந்துத் தரையில் குந்தினாள். "கையை வையுங்கள். இங்கே. இல்லை, இன்னும் வைக்கவேண்டாம்." அப்படியே பேசினாள், எங்களைப் பார்க்காமல்.

"முந்தைய சுற்றில் என் பிளேடு ஒருத்தியின் பிளேடில் உரசியது. அதன் விளிம்பு மழுங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாது. கடைசி மாற்றத்துக்குக் குந்தும்போது இந்தக் கால் வெளியே வழுக்கத் தொடங்கிவிட்டது. நான் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தேன். அதன் பிறகுதான் அவள் கை வந்தது. இப்போது வையுங்கள்." என் மனைவி வைத்தாள். "இப்படித்தான். இரண்டும் ஒரே அளவு. அந்தக் கை என்னைத் தூக்கியது. அதனால்தான் வளைவுவரை போனேன். அது இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே தலைகுப்புறப் போய், எனக்குப் பின்னால் வந்தவர்களின் பிளேடுகளுக்குள் விழுந்திருப்பேன். கால் முறிந்ததோடு தப்பியது அவளால்."

நான் நிருபன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "இதை ஏன் முதலே சொல்லவில்லை?"

"பத்திரிகை எழுதியதை அவள் நம்புவாள் என்று நான் நினைக்கவே இல்லை. தள்ளியவளுக்குத் தெரியாதா? நான் படுக்கையில் கிடந்து எல்லோர் மேலும் கோபப்பட்டேன். கோபம் போன பிறகு அவளை அழைக்க வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் வெட்கப்பட்டால், அந்த ஒரு வருடத்துக்காக அடுத்த வருடமும் வெட்கப்பட வேண்டியிருக்கிறது." என் மனைவி கையை எடுக்கவில்லை. அனெக்கே குந்தியபடியே அழுதாள்.

உன் அப்பா அம்மா வந்து சேர்ந்த பிறகு உன்னைத் தகன மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். நீ சனிக்கிழமை பழக்கிய சிறுவர்கள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அங்கே பெட்டி உருளைகளின் மேல் இருக்கும். கொள்ளி வைக்கும் உரிமை உள்ளவர் அதைத் தள்ளி உள்ளே அனுப்பவேண்டும். உன் அப்பா இரண்டு கையையும் பெட்டியில் வைத்தார். வைத்தபடியே நின்றார். ஐயர் ஒருமுறை சொன்னார், மறுமுறை சொன்னார். அவருடைய கைகள் அசையவில்லை.

பிறகு அவர் திரும்பி டச்சு மொழியில் ஏதோ சொன்னார். அனெக்கே முன்னால் வந்தாள்.

"பொம்பிளைப் பிள்ளையள் இதைச் செய்யிறேல்லை," என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்.

உன் அப்பா அவரைப் பார்க்கக்கூட இல்லை. "என்ர பிள்ளை வாழ்நாளெல்லாம் இவவைத்தான் தள்ளினவள். ஒருக்கா இவ தள்ளட்டும்."

அனெக்கே முழங்காலைக் கொஞ்சம் மடித்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஒரே உயரத்தில் வைத்தாள். உன் அப்பாவின் கைகள் நடுவில் இருந்தன. தள்ளினாள். நீ நேராகப் போனாய். அவள் ஒரு பக்கமாக ஒதுங்கினாள், நீங்கள் பனியில் ஒதுங்குவது போலவே. அந்த ஒதுங்கலைப் பார்த்த பிறகுதான் எனக்கு நீ போனது உறைத்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். வெளியே வந்து கார்த் திறப்பை எடுத்தபோது, உன்னை ரிங்கிலிருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டுமே என்று நினைத்தேன்.

அனெக்கே திரும்பிப் போய்விட்டாள். இடது கை உறையை அவளிடம் கொடுத்தோம். கழற்றும்போது சுண்டுவிரலின் பசை மட்டும் குழியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. என் மனைவி அதைச் சுரண்டவில்லை. இப்போதும் ஒரு தட்டுக் குறைவாகத்தான் இட்டலி அவிக்கிறாள்.

உன் கை நேராகத்தான் இருந்தது, பிள்ளை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். இரண்டு கடலைத் தாண்டி வந்தது. ஒரு நாள் பிந்திவிட்டது. என்னால் அதைச் செய்தியில் போட முடியவில்லை. அது உனக்கு வந்தது, மற்றவர்களுக்கு அல்ல.

நாளைக்கு விரிக்குத் திரும்பப் போகவேண்டும், கதிரையை எடுக்க. அந்த மணம் திரும்பவும் வரும். அப்போது முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு இடம் சூடாகும். நேற்றும் ஆனது. வலமும் இடமும் ஒரே அளவு. அனெக்கே வந்து காட்டுவதற்கு முன்பே அது எனக்குத் தெரிந்திருந்தது. அன்று ரிங்கில் நீ கேட்டபோது, விழாமல் நின்ற ஆச்சரியத்தில் நான் பதில் சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, கோணலாகப் போகவில்லை.